காவற்கூடம் கலாசாலையான வரலாறு

இலண்டன் மாநகரின் தென்பாகத்தே, கம்பர்வெல் என்னும் பகுதியில், டென்மார்க் ஹில் என வழங்கும் தெருவின் இருமருங்கிலும் இரண்டு பெரிய வைத்தியசாலைகள் எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலை. உடல் நோய்களுக்கு உரியது. மற்றது மோட்ஸ்லி வைத்தியசாலை. உள நோய்களுக்கு உரியது. இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரு தெரு மட்டுமே. ஆயினும், உடல் நோயைக் கற்பித்த கலாசாலைகள் உள நோயையும் கற்றற்குரிய பொருளாக ஏற்றுக்கொள்வதற்கு நெடுங்காலம் சென்றது. ஏற்றுக்கொண்ட பின்னரும், நோயாளியின் மூளையை ஆராய்ந்தவர்கள் அவர் வாழ்ந்த வீட்டையும், அவர் அடைபட்டுக் கிடந்த மண்டபத்தையும் ஆராய முற்படுவதற்கு மேலும் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. இன்று உளநலப் பராமரிப்பையும் அதன் சமுதாயச் சூழலையும் பட்டப்பின் படிப்பாகப் பயில்வோர் பல நாடுகளிலும் உளர். அப்படிப்பு பிறந்த வரலாற்றை இந்த ஒரு தெருவை நடுவாக வைத்து நோக்குதல் பொருந்தும்.

தமிழிலே பைத்தியம் என்னும் சொல் பித்தம் என்பதன் வழிவந்தது. உடலிலுள்ள பித்தம் மிகுந்தால் சித்தம் கலங்கும் என்பது நம் முன்னோர் கொள்கை. பழைய கிரேக்க வைத்தியரும் மனச்சோர்வுக்குக் கரும்பித்தமே காரணம் என்றனர். இரு வேறு மக்கட் கூட்டத்தார் பித்தத்தின்மீதே பழி சுமத்தியமை வியப்புக்குரியதே. எனினும் இக்கொள்கையால் விளைந்த நன்மையும் ஒன்றுண்டு. பித்தத்தால் வந்த நோய் எனின் அது வைத்தியனுக்கு உரியது. பேயால் வந்தது எனின் மந்திரவாதிக்கு உரியது. ஐரோப்பாவிலே இவ்விருவருக்கும் அப்பால் மூன்றாம் ஒருவன் வந்து சேர்ந்தான். அவன் காவற்காரன்.

இலண்டனில் 1247 ஆம் ஆண்டில் பெத்லகேம் மாதாவின் பெயரால் ஒரு மடம் நிறுவப்பட்டது. 1403 இல் அரச ஆணையாளர் அங்கே சென்று பார்த்தபோது சித்தம் கலங்கிய அறுவர் இருந்தனர் எனப் பதிவு காணப்படுகின்றது. அம்மடமே பின்னர் பெத்லெம் வைத்தியசாலையாயிற்று. அப்பெயர் மக்கள் வாயில் மருவிப் 'பெட்லம்' என்றாகி, இன்றும் ஆங்கிலத்திலே பெருங்குழப்பத்தைக் குறிக்கும் சொல்லாக வழங்குகின்றது. 1676 இல் மூர்பீல்ட்ஸ் என்னுமிடத்தில் அதற்கு மாளிகை போன்றதொரு கட்டிடம் எழுந்தது. விஞ்ஞானியாகிய ரொபேர்ட் ஹூக் அதனை வகுத்தார். மாளிகையின் உள்ளே நிகழ்ந்ததோ வேறு. விடுமுறை நாட்களில் நகரமக்கள் மிருகக்காட்சிச் சாலைக்குச் செல்வதுபோல் அங்கே சென்று, வாயிலிற் காசு செலுத்திவிட்டு, விலங்கு பூட்டப்பட்டிருந்தோரைக் கண்டு களித்தனர். யாவரும் வந்து பார்க்கலாம் என்னும் அவ்வழக்கம் 1770 வரை நீடித்தது. பார்த்தவர் பலர், கற்றவர் எவருமிலர். அங்கு வைத்தியர் பதவி 1728 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மன்றோ என்னும் ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறையினரிடம் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சென்றது. பரம்பரை வைத்தியம் நமக்குப் புதிதன்று. ஆயின் நம் பரம்பரை வைத்தியர் மைந்தனுக்கேனும் ஏட்டைக் கொடுத்துச் சென்றனர்.

இந்த மௌனத்தைக் கலைத்தவர் வில்லியம் பாட்டி என்பவர். 1751 இல் இலண்டனில் சென் லூக்ஸ் வைத்தியசாலை திறக்கப்பட்டபோது அவர் அதன் வைத்தியரானார். மாணாக்கரை மண்டபங்களுக்கு அழைத்துச்சென்று கற்பிக்கவும் தொடங்கினார். 1758 இல் அவர் வெளியிட்ட நூல், சித்தப்பிரமையும் ஏனைய நோய்களைப்போல் ஆராய்ந்து அறியத்தக்கதே. மருந்தினும் பராமரிப்பு முறையே அதில் மிகுதியும் பயன்தரும் என்று கூறியது. பெத்லெமில் இருந்த ஜோன் மன்றோ அதே ஆண்டில் மறுப்பு நூல் ஒன்றை எழுதினார். இந்நோயைப் பற்றிப் பயனுறக் கூறத்தக்கது மிகச் சிறிதே என்பது அவர் துணிபு. உளநோயைக் கற்க முடியுமா, முடியாதா என்பதே இருவருக்குமிடையே இருந்த வழக்கு. உளநலப் படிப்பின் முதற் பாடம் இவ்வழக்கிலேயே தொடங்கிற்று எனலாம்.

அவ்வழக்கை மேற்கொண்டு நடத்தியவர் வைத்தியரல்லாத ஒரு தேயிலை வணிகர். யோர்க் நகரப் பைத்தியசாலையில் 1790 இல் ஹன்னா மில்ஸ் என்னும் குவேக்கர் மதத்துப் பெண் இறந்தார். அவரைக் காணச்சென்ற மதத்தோழர் உள்ளே அனுமதிக்கப்பட்டிருக்கவில்லை. உள்ளே என்ன நிகழ்ந்தது என்பதை எவரும் அறிய இயலாதிருந்த நிலையே வில்லியம் டியூக் என்னும் அவ்வணிகரை வருத்திற்று. குவேக்கர் சமூகத்தாரின் உதவியோடு அவர் 'றிட்றீற்' என்னும் புகலிடத்தை 1796 இல் திறந்தார். அங்கே நோயாளர் தோட்டத்தில் வேலைசெய்தனர். மேசையில் அமர்ந்து தேநீர் அருந்தினர். அவர்களை மனிதராக நடத்தினால் மனிதராகவே நடந்துகொள்வர் என்ற எளிய எண்ணமே அங்கு மருந்தாயிற்று. 1813 இல் அவருடைய பேரன் சாமுவேல் டியூக் அவ்விடத்தின் நடைமுறைகளை ஒரு நூலாக வெளியிட்டார். ஒரு வைத்தியசாலையின் அன்றாட வாழ்க்கையை எழுதிவைப்பதே ஓர் ஆராய்ச்சியாகும் என்பதற்கு அந்நூல் முன்மாதிரி.

ஜோன் கொனோலி 1828 இல் புதிதாகத் திறக்கப்பட்ட இலண்டன் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பேராசிரியராயிருந்தபோது, மாணாக்கர் பைத்தியசாலைக்குச் சென்று கற்கவேண்டும் என்று கேட்டார். அது கைகூடவில்லை. பின்னர் 1839 இல் ஹன்வெல் பைத்தியசாலைக்குத் தலைமை வைத்தியராக அவர் சென்றார். அங்கு ஏறத்தாழ 800 நோயாளர் இருந்தனர். சில மாதங்களுள் அவர் விலங்கு, தோல்வார், கட்டுநாற்காலி யாவற்றையும் அகற்றிவிட்டார். பல்கலைக்கழகம் மறுத்த படிப்பை 1842 முதல் அப்பைத்தியசாலையிலேயே விரிவுரைகளாக நடத்தினார்.

ஆனால் அக்காலத்துச் சட்டம் வேறோர் திசையிற் சென்றது. 1845 இல் நிறைவேறிய சட்டம் இங்கிலாந்தின் மாவட்டந்தோறும் பைத்தியசாலை கட்டப்படவேண்டும் என விதித்தது. நோக்கம் நல்லதே. வறியோர் இல்லங்களிலும் சிறைகளிலும் கிடந்தோரை மீட்பதற்கே அச்சட்டம் எழுந்தது. ஆயினும் கட்டிடம் எழ எழ நோயாளர் தொகையும் பெருகிற்று. நகரத்துக்கு வெளியே, உயர்ந்த மதில்களுக்குள்ளே, தனித்த கிராமங்கள் போன்று அவை வளர்ந்தன. உள்ளே சென்றோருட் பலர் வெளியே வரவில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் அவ்விடங்களில் இருந்தோர் தொகை 1954 இல் ஏறக்குறைய 150,000 ஆக உச்சத்தை எட்டியது.

கொனோலியின் மருமகன் ஹென்றி மோட்ஸ்லி. மாமனார் நம்பிக்கையின் உருவம். மருமகனோ ஐயப்பாட்டின் உருவம். உளநோய் பெரும்பாலும் பிறப்பொடு வருவது என்றே அவர் தம் நூல்களில் வாதித்தார். அத்தகையவர் முதுமையில் செய்த செயல் அவருடைய நூல்களைக் காட்டிலும் உயர்ந்தது. 1907 இல் அவர் இலண்டன் மாவட்ட சபைக்கு 30,000 பவுண் நன்கொடை அளிக்க முன்வந்தார். அதற்கு நிபந்தனைகள் விதித்தார். நோயின் தொடக்கத்திலேயே சிகிச்சையளிக்கும் வைத்தியசாலை ஒன்று அமையவேண்டும்; அது நகரத்துக்கு வெளியே அன்றி நகரத்தின் நடுவிலிருந்து சில மைல் தூரத்துக்குள் இருத்தல்வேண்டும்; வெளிநோயாளர் வந்துசெல்ல வசதி வேண்டும்; அங்கே கற்பித்தலும் ஆராய்ச்சியும் நடைபெறவேண்டும். ஜேர்மனியின் மியூனிக் நகரில் கிரேப்பலின் என்னும் பேரறிஞர் நடத்திய பல்கலைக்கழகச் சிகிச்சை நிலையத்தைக் கண்டு வந்த பிரெடரிக் மொட் இத்திட்டத்துக்குத் துணைநின்றார்.

கட்டிடம் 1915 இல் முடிந்தபோது முதலாம் மகாயுத்தம் மூண்டிருந்தது. வைத்தியசாலையை இராணுவம் எடுத்துக்கொண்டது. பீரங்கி முழக்கத்தால் பேச்சிழந்தோரும், நடுக்கமுற்றோரும், கண்பார்வை இழந்ததாக உணர்ந்தோரும் போர்க்களத்திலிருந்து அங்கே வந்தனர். இவ்விளைஞர்களைப் பார்த்தபின், உளநோய் யாவும் பிறப்பொடு வந்த குறை எனக் கூறுதல் எளிதாயிருக்கவில்லை. உறுதியான குடும்பத்திற் பிறந்து, உடற் பரீட்சையில் தேறி, படையிற் சேர்ந்தவன், பதுங்கு குழியிற் சில மாதம் இருந்து சித்தம் கலங்கினான் எனின், காரணத்தைக் குருதியில் மட்டும் தேடுவது எங்ஙனம்? மோட்ஸ்லி 1918 இல் காலமானார். தம் பெயர் தாங்கிய வைத்தியசாலை 1923 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதை அவர் காணவில்லை. மறு ஆண்டிலே அதன் கலாசாலையை இலண்டன் பல்கலைக்கழகம் அங்கீகரித்தது. வைத்தியப் பட்டம் பெற்றவர்கள் உளவைத்தியத்தில் மேற்படிப்புப் படித்து டிப்ளோமா பெறும் வழி உறுதியாயிற்று.

அப்படிப்பிலே மூளையும் நரம்பும் உடற்கூறும் இடம்பெற்றன. வீடு இடம்பெறவில்லை. வீட்டைப் பாடமாக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அமெரிக்காவிலே அடொல்ப் மேயர் என்னும் உளவைத்தியரின் மனைவி மேரி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நோயாளரின் இல்லங்களுக்குச் சென்று, அவர்தம் வறுமையையும் குடும்ப நிலையையும் விசாரித்துவந்து கணவருக்குக் கூறினார். சம்பளமின்றிச் செய்த அவ்வேலையே பின்னர் ஒரு தொழிலாயிற்று. 1929 இல் இலண்டன் பொருளியற் கலாசாலை உளநலச் சமூக சேவையாளருக்கெனப் பல்கலைக்கழகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. அதற்கான பணம் அமெரிக்க அறநிதியம் ஒன்றிலிருந்து வந்தது. மாணவியர் செயல்முறைப் பயிற்சிக்கு மோட்ஸ்லிக்குச் சென்றனர். காலையில் வைத்தியர் எழுதிய குறிப்பேட்டில், மாலையில் அவர்கள் வேறொரு பக்கம் எழுதினர்: எத்தனை பேர் ஓர் அறையில் உறங்குகின்றனர், வாடகை கொடுபட்டதா, கணவன் வேலையிழந்து எத்தனை மாதம் என்பன போன்ற செய்திகள்.

இவ்விரு பக்கங்களையும் ஒன்றாகப் படித்தவர் ஓப்ரி லூயிஸ். 1900 இல் அவுஸ்திரேலியாவின் அடெலெய்ட் நகரிற் பிறந்தவர். இளமையில் அந்நாட்டு ஆதிக்குடிகளின் வாழ்க்கையை ஆராய்ந்தவர். அவ்வாராய்ச்சியைத் தொடர்வதற்கு உளவியற் பயிற்சி வேண்டுமெனக் கருதியே உபகார நிதி பெற்று அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பப்பட்டார். 1928 இல் மோட்ஸ்லியில் சேர்ந்தார். ஆதிக்குடிகளுக்கென வகுத்த கண்ணை இலண்டன் மாநகர மக்கள்மீது திருப்பினார் எனலாம். 1930களில் வேலையில்லாத் திண்டாட்டம் இங்கிலாந்தை வாட்டியபோது, வேலையிழப்புக்கும் உளநோய்க்குமுள்ள தொடர்பை 1935 இல் ஆராய்ந்து எழுதினார். 1946 இல் பேராசிரியரானார். 1948 இல் அக்கலாசாலை உளவைத்திய நிறுவகம் என்னும் பெயருடன் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் கல்வி அமைப்பினுள் அடங்கிற்று. பழைய பெத்லெமும் அதே ஆண்டில் மோட்ஸ்லியோடு இணைக்கப்பட்டது. காசு கொடுத்துப் பார்த்த காவற்கூடம் இவ்வாறு கலாசாலையின் ஒரு பகுதியாயிற்று.

அதே ஆண்டிலே லூயிஸ் தொடங்கிய சமூக உளவைத்திய ஆராய்ச்சிப் பிரிவே இவ்வரலாற்றின் உயிர்நாடி. அங்கே வைத்தியரோடு மானிடவியலாளரும், உளவியலாளரும், சமூகவியலாளரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். வைத்தியப் பட்டமில்லாத ஒருவர் உளநோயைப் பற்றிச் சொல்வதற்கு ஏதேனும் உண்டு என்பதே அன்று பலருக்குப் புதிய செய்தி.

அவர்கள் எடுத்த கேள்வி அச்சம் தரத்தக்கது. நீண்டகால நோயாளி பேசாதிருக்கின்றார். எதிலும் விருப்பமின்றிச் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கின்றார். வீட்டுக்குப் போ என்றாலும் போக மறுக்கின்றார். இது நோயின் வேலையா, வைத்தியசாலையின் வேலையா? இக்கேள்வியை வேறு சிலரும் அக்காலத்திலே எழுப்பினர். 1945 இல் வைத்திய மாணவராயிருந்தபோது ஜேர்மனியின் பெல்சன் வதைமுகாமில் உதவிப்பணி செய்த ரசல் பார்ட்டன், பின்னாளில் ஆங்கில வைத்தியசாலைகளிலே நெடுநாள் இருந்த நோயாளரின் தளர்ந்த தோள்களிலும், இழுத்து நடக்கும் நடையிலும், எதற்கும் இணங்கும் பணிவிலும் ஒரு தனி நோயைக் கண்டு, 1959 இல் அதுபற்றி நூல் எழுதினார். அதனை உண்டாக்குவது நிறுவனமே என்பது அவர் முடிபு. அமெரிக்க சமூகவியலாளராகிய ஏர்விங் கொப்மன், 7,000க்கு மேற்பட்ட நோயாளர் இருந்த வாஷிங்டன் சென் எலிசபெத்ஸ் வைத்தியசாலையில் 1955 இலும் 1956 இலும் விளையாட்டுத்துறை உதவியாளர் என்னும் பெயரில் உலாவித் தாம் கண்டவற்றை 1961 இல் நூலாக்கினார். பலரும் படித்த நூல் அது. ஆயினும் பார்த்தவர் ஒருவரின் கூற்றை மறுத்தற்கும் வழியுண்டு. அளந்து காட்டுதல் வேண்டும்.

அளந்து காட்டியவர்கள் லூயிசின் பிரிவைச் சேர்ந்த ஜோன் விங் என்னும் வைத்தியரும் ஜோர்ஜ் பிரவுன் என்னும் மானிடவியற் பட்டதாரியும். அவர்கள் மூன்று வைத்தியசாலைகளைத் தெரிந்தெடுத்தனர். நொட்டிங்காம் நகரின் மப்பர்லி ஒன்று. அங்கு டங்கன் மக்மிலன் என்னும் தலைமை வைத்தியர் 1950களின் தொடக்கத்திலேயே எல்லா மண்டபங்களின் பூட்டையும் அகற்றியிருந்தார். சரே மாவட்டத்தின் நெதேர்ன் இன்னொன்று. கொல்செஸ்டர் நகரின் செவரல்ஸ் மூன்றாவது. மூன்றிலும் இரண்டாண்டுக்கு மேலாக இருந்த, மனப்பிளவு நோயுற்ற பெண்களை 1960 இல் ஆராய்ந்தனர்.

ஆராய்ச்சி முறை எளிமையானது, அதனாலேயே சிறந்தது. ஒவ்வொரு பெண்ணிடமும் சொந்தமாக என்னென்ன பொருள் உண்டு எனக் கணக்கெடுத்தனர். பற்தூரிகை உண்டா? சீப்பு உண்டா? கண்ணாடி, கத்தரிக்கோல் உண்டா? காலை விழித்ததிலிருந்து உறங்கும் வரை நாழிகைக்கு நாழிகை என்ன செய்கின்றார்? எத்தனை மணிநேரம் ஒன்றுமே செய்யாதிருக்கின்றார்? வெளியார் யாரேனும் பார்க்க வருகின்றனரா? தாதியர் அவரைப்பற்றி என்ன எண்ணுகின்றனர். தனியே வெளியே சென்றுவர அவரால் இயலும் என்று கருதுகின்றனரா? இக்கணக்குகளை ஒரு புறத்திலும், நோயாளியின் பேச்சுக் குறைவு, உணர்ச்சி மங்கல், ஒதுங்கியிருத்தல் ஆகியவற்றை மறுபுறத்திலும் வைத்து ஒப்பிட்டனர்.

கண்டது யாதெனில், சூழல் எவ்வளவுக்கு வறியதோ, அவ்வளவுக்கு அப்பெண்களின் ஒடுக்கமும் மிகுந்திருந்தது என்பதாம். நோயிற் கடுமையானவர்களை ஒரு வைத்தியசாலை பெற்றுக்கொண்டதனால் அவ்வாறு தோன்றியதோ என நேயர்கள் வினவக்கூடும். அவ்வினாவை அவர்களும் எழுப்பினர். ஆதலினாலேயே 1964 இலும் 1968 இலும் அதே பெண்களிடம் மீண்டும் சென்றனர். இடைக்காலத்திலே சூழல் திருந்திய இடங்களில் நோயாளரிற் சிலர் திருந்தியிருந்தனர். திருத்தத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது மருந்தின் மாற்றமன்று. ஒன்றும் செய்யாது கழிந்த நேரம் குறைந்தமையே. எல்லாரும் திருந்தினர் என்று அவர்கள் எழுதவில்லை. 1964 க்குப் பின் திருத்தம் நின்றுபோனதையும், சில இடங்களிற் பின்னடைவு நேர்ந்ததையும் மறைக்கவில்லை. நோய் முழுவதையும் வைத்தியசாலையே படைத்தது என்று முழங்கியோரும் அக்காலத்தில் இருந்தனர். விங்கும் பிரவுனும் அவ்வாறு கூறவில்லை. நோய் உண்டு, அதன்மேல் சூழல் ஏற்றிய சுமையும் உண்டு, இரண்டாவதை இறக்கிவைக்கலாம் என்றனர். 1970 இல் வெளிவந்த அவர்களது நூல் இத்துறையிற் பயில்வோரின் அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று. பற்தூரிகையை எண்ணியதில் அறிவியல் யாது உளது என்று நகைப்போர் இருப்பின், தமக்கென ஒரு பற்தூரிகையும் இல்லாத ஒருவர் நாளை என்ற ஒன்றை எவ்வாறு எண்ணுவார் என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

வைத்தியசாலையை விட்டு வெளியே வந்தவர் நலமாயிருந்தாரா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் எவரும் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. 1958 இல் பிரவுனும் அவர் தோழரும் வெளியிட்ட ஆய்வின்படி, பெற்றோரிடமோ மனைவியிடமோ சென்ற நோயாளர், சகோதரரிடமோ வாடகை அறைகளிலோ தங்கியோரைவிட மிகுதியாக மீண்டும் வைத்தியசாலைக்கு வந்தனர். அன்பு மிக்க இடமே நோய்க்குத் தீங்கான இடமா? இதனை விளக்கப் பிரவுன் புதியதொரு முறையைக் கையாண்டார். நோயாளியின் உறவினரோடு நெடுநேரம் உரையாடி அதனை ஒலிநாடாவிற் பதிவுசெய்தார். பின்னர் அதனைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சொல்லை மட்டும் கவனிக்கவில்லை. குரலின் ஏற்றம், வேகம், அழுத்தம் ஆகியவற்றைக் கவனித்தார். 'அவன் காலையில் எழுவதில்லை' என்னும் வாக்கியத்தைக் கவலையோடும் கூறலாம், கடுப்போடும் கூறலாம். எழுத்திலே இரண்டும் ஒன்றே. செவிக்கு இரண்டும் வேறு. வானொலி கேட்போருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

1972 இல் வெளியான முடிவு வருமாறு: குறைகூறலும் பகைமையும் அளவிறந்த பதற்றமும் மிகுந்த வீடுகளுக்குச் சென்றோரில் நூற்றுக்கு 58 பேருக்கு ஒன்பது மாதங்களுள் நோய் மீண்டது, அவை குறைந்த வீடுகளிலோ நூற்றுக்கு 16 பேருக்கே மீண்டது. இம்முடிவு ஒரு தீங்கையும் உடன்கொண்டு வந்தது. ஏற்கெனவே துயருற்றிருந்த தாய்மார், 'உம்முடைய குரலே உம் மகனைக் கெடுத்தது' எனக் கேட்க நேர்ந்தது. ஆராய்ச்சி அவ்வாறு கூறவில்லை எனினும் அதனை அவ்வாறு கேட்டவர் பலர். இப்பழியை நீக்கியது பிற்கால ஆராய்ச்சியே. 1982 இல் ஜூலியன் லெப் என்பவரும் தோழரும், குடும்பத்தாருக்கு நோயைப்பற்றி விளக்கி, ஒருவரோடொருவர் பேசி ஆறுவதற்கு வழிசெய்தால், நோய் மீள்வது பெரிதும் குறைகின்றது எனக் காட்டினர். குற்றவாளியாக நிறுத்தப்பட்ட உறவினர் சிகிச்சையின் துணைவராயினர்.

பிரவுன் அதற்கு முன்னரே தெருவுக்குள் இறங்கிவிட்டார். அவரும் டிரில் ஹரிஸ் என்பாரும் கம்பர்வெல் பகுதியில் 458 பெண்களைச் சந்தித்தனர். இவர்கள் நோயாளர் அல்லர். அத்தெருக்களிலே வாழ்ந்த சாதாரண இல்லத்தரசியரும் தொழிலாளருமே. 1978 இல் வெளிவந்த அவர்களது நூல், மனச்சோர்வு நோய் உழைக்கும் வகுப்புப் பெண்களிடையே நடுத்தர வகுப்பினரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதி எனக் காட்டியது. பதினொரு வயதுக்கு முன் தாயை இழந்தமை, வீட்டிலே பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இருத்தல், வெளியே தொழில் இன்மை, மனம் விட்டுப் பேசத்தக்க துணை ஒருவர் இல்லாமை ஆகியன, துன்பம் ஒன்று நேரும்போது அப்பெண்களை நோய்க்கு எளிதில் ஆளாக்கின. வைத்தியசாலையின் சன்னலிலிருந்து காணத்தக்க வீடுகள் அவை. அங்கே நோயுற்றிருந்த பெண்களுட் பலர் அவ்வைத்தியசாலையின் படியை மிதித்தவரல்லர்.

இதற்கிடையே பழைய கோட்டைகள் சரியத் தொடங்கின. 1952 இல் பாரிஸ் நகரிலே குளோர்புரோமசின் என்னும் மருந்து உளநோய்க்குப் பயன்படுத்தப்பட்டது. 1959 இல் இங்கிலாந்தின் புதிய உளநலச் சட்டம் நிறைவேறிற்று. 1961 இல் சுகாதார அமைச்சராயிருந்த ஈனொக் பவல், நீர்த்தாங்கியும் புகைபோக்கியும் ஓங்கிநிற்கும் அப்பழைய கட்டிடங்கள் மறையவேண்டும் என்று ஒரு சொற்பொழிவில் அறிவித்தார். அறிவித்தல் விரைவாயும், மாற்று ஏற்பாடுகளுக்குப் பணம் ஒதுக்குதல் மெதுவாயும் நடந்தன. செவரல்சும் நெதேர்னும் 1990களில் மூடப்பட்டன. மூடப்பட்ட பிரையேர்ன் வைத்தியசாலையின் நோயாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, பெரும்பான்மையோர் மீண்டும் வைத்தியசாலைக்குச் செல்ல விரும்பவில்லை எனத் தெரிந்தது. அக்கட்டிடம் பின்னர் செல்வர் வாழும் மாடி வீடுகளாக விற்கப்பட்டது.

இவ்வரலாற்றின் ஒரு கிளை இலங்கையையும் தொட்டது. மோட்ஸ்லியின் முதல் தலைமை வைத்தியராகிய எட்வேர்ட் மப்போதர் 1937 இல் இலங்கை அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் இங்கு வந்து, அங்கொடை வைத்தியசாலையைப் பார்வையிட்டு அறிக்கை சமர்ப்பித்தார். பின்வந்த ஆண்டுகளில் இலங்கை வைத்தியர் பலர் உளவைத்தியப் பட்டப்பின் படிப்புக்கு இங்கிலாந்து சென்று மீண்டனர். பின்னர் அப்படிப்பு கொழும்பிலேயே நடைபெறலாயிற்று. ஆனால் ஆராய்ச்சியின் வெளிச்சம் எதிர்த்திசையிலும் சென்றது. அமெரிக்க ஆய்வாளராகிய நான்சி வக்ஸ்லர், இலங்கையில் மனப்பிளவு நோயுற்றோரை ஐந்தாண்டு கழித்து ஆராய்ந்து 1979 இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களுட் பலர் மேலைநாட்டு நோயாளரைக் காட்டிலும் நன்கு குணமடைந்திருந்தனர் என்றது. இந்நாட்டுக் குடும்பங்கள் நோயைக் கடந்துபோகும் ஒன்றாக எண்ணி, நோயாளியைப் பழையபடி ஏற்றுக்கொண்டமையே காரணம் என அவர் கருதினார். இம்முடிவைப் பற்றி அறிஞரிடையே இன்னும் வாதம் உண்டு. அக்குடும்பங்களையே போர் சிதைத்தபோது என்ன நேர்ந்தது என்பதை யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட நூலிலும் பிற்காலக் கட்டுரைகளிலும் ஆராய்ந்தார். தனியொருவரின் நோயை மட்டும் எழுதினால் போதாது. ஒரு சமூகம் முழுவதும் பட்ட காயத்தையும் எழுதவேண்டும் என்பது அவர் கொண்ட நிலை.

இவ்வளவு காலமும் ஆராய்ந்தோர் வேறு, ஆராயப்பட்டோர் வேறு. மோட்ஸ்லியின் உளவைத்திய நிறுவகத்தில் அவ்வெல்லையும் 2001 இல் கடக்கப்பட்டது. உளநலச் சிகிச்சை பெற்றவர்களே ஆய்வாளராகப் பணிபுரியும் பிரிவு ஒன்று அங்கே தோன்றிற்று. டயானா றோஸ் என்பார் அதனை முன்னின்று நடத்தி, பின்னர் அந்நிறுவகத்திலேயே பேராசிரியரானார். அப்பிரிவு முதலில் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று மின்னதிர்ச்சிச் சிகிச்சை. 1938 இல் ரோம் நகரில் தொடங்கிய அச்சிகிச்சையை நோயாளர் பெரும்பாலும் விரும்புகின்றனர் என்றே வைத்தியர் நடத்திய ஆய்வுகள் கூறிவந்தன. றோசும் அவர் தோழரும் பழைய ஆய்வுகள் யாவற்றையும் திரட்டி ஒப்பிட்டனர். ஆய்வாளருள் அச்சிகிச்சையைத் தாமே பெற்றவரும் இருந்தனர். 2003 இல் வெளிவந்த அவர்களது கட்டுரை, சிகிச்சை பெற்றோரிற் குறைந்தது மூன்றிலொரு பங்கினர் நீங்காத மறதியைக் குறித்து முறையிட்டனர் எனக் காட்டியது. முன்னைய ஆய்வுகளிலே அது ஏன் தெரியவில்லை என்பதையும் அவர்கள் கண்டறிந்தனர். அங்கே கேள்வி கேட்டவர் பெரும்பாலும் சிகிச்சையளித்த வைத்தியரே. கேட்ட இடம் வைத்தியசாலை. கேட்ட காலம் சிகிச்சை முடிந்த சில நாட்களுள். கேட்ட கேள்விகளும் சிலவே. அதே ஆண்டில் இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் அச்சிகிச்சைக்குரிய விதிகளை இறுக்கியபோது இவ்வாராய்ச்சியையும் கருத்திற் கொண்டது.